டெலிவரிக்கு எந்த வண்டி? பெட்ரோலைத் தாண்டி ஒரு கணக்கு

போன மாதம் சித்தி பையன் போன் செய்தான். பார்த்துக்கொண்டிருந்த வேலை போய்விட்டது, டெலிவரி ஓட்டப்போகிறேன் என்றான். "அண்ணா, அப்பாவோட பழைய வண்டியே போதுமா, புதுசா ஒண்ணு தவணையில எடுக்கவா, இல்ல அந்த வாடகை எலக்ட்ரிக் ஸ்கூட்டரா?" அவன் இருப்பது சென்னை மேடவாக்கத்தில், மூன்றாவது மாடி வாடகை வீடு. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

நான் வேளச்சேரிப் பக்கம் இரண்டரை வருடம் டெலிவரி ஓட்டியவன். முதல் எட்டு மாதம் கணக்கே எழுதவில்லை. வந்த காசில் பெட்ரோலைக் கழித்தால் மீதி சம்பாத்தியம், அவ்வளவுதான் என் பொருளாதாரம். ஒன்பதாவது மாதம் ஒரே வாரத்தில் பின் டயர், செயின் ஸ்பிராக்கெட், கிளட்ச் பிளேட் மூன்றும் போயின. 5,600 ரூபாய். மெக்கானிக்கிடம் புலம்பினேன். "இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓட்டியிருக்கீங்க தம்பி, இவ்ளோ நாள் தாங்குனதே பெருசு" என்றார். வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய் வருகிறவர் மூன்று வருடத்தில் ஓட்டுவதை நான் எட்டு மாதத்தில் ஓட்டியிருந்தேன். அன்றைக்குத்தான் ஒரு பாக்கெட் நோட்டு வாங்கினேன்.

அந்த நோட்டை வைத்துத்தான் அவனுக்குக் கணக்குப் போட்டேன், அவன் கேட்ட மூன்றோடு சொந்தமாக எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குவதையும் சேர்த்து நான்கு வழிக்கும். கீழே வரும் விலைகள் நான் கொடுத்தவை, அக்கம்பக்கத்தில் விசாரித்தவை. உங்கள் பகுதியில் கொஞ்சம் கூடும், குறையும். எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை அதேதான்.

முதலில் கிலோமீட்டர். ஆப்பில் காட்டும் தூரம் வேறு, ஓடோமீட்டரில் ஏறும் தூரம் வேறு. வேளச்சேரி விஜயநகரில் நிற்கிறீர்கள். 2 கி.மீ. தள்ளி ஒரு ஹோட்டலில் எடுத்து, 4 கி.மீ. போய்ப் பள்ளிக்கரணையில் கொடுக்கிறீர்கள். அங்கே அடுத்த ஆர்டர் விழாது. ஆர்டர் விழும் இடத்துக்குத் திரும்ப இன்னொரு 3 கி.மீ. ஆக ஓடியது 9. திரும்பி வந்த மூன்றுக்குக் காசு கிடையாது. எடுக்கப் போன இரண்டுக்கும் ஏதோ கொஞ்சம்தான் தருவார்கள். டயருக்கும் பெட்ரோலுக்கும் இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அதனால் கணக்குக்கு எப்போதும் ஓடோமீட்டர்தான். காலையில் ஒரு படம், இரவில் ஒரு படம்.

நாளுக்கு 100 கி.மீ., மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,600, வருடம் 31,200.

பழைய வண்டியிலிருந்து தொடங்குகிறேன். எட்டு வருடப் பழசு, 100 சிசி, இன்றைக்கு விற்றால் 30,000 கிடைக்கும். சிக்னல், பள்ளம், மெட்ரோவுக்குத் தோண்டிய சாலை எல்லாம் சேர்ந்து லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும். பெட்ரோல் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 2 பைசா. டெலிவரி பசங்க "நாளுக்கு இருநூறு ரூபா பெட்ரோல்" என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலானோரின் கணக்கு இங்கேயே முடிந்துவிடும்.

மிச்சத்தைப் பார்ப்போம். 3,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில், 450 ரூபாய். கி.மீ.க்கு 15 பைசா. அப்போது கொடுக்கும் கூலி 10 பைசா. பின் டயர் 2,200 ரூபாய், 22,000 கி.மீ. வரும். முன் டயர் 1,600, அது 32,000 வரும். இரண்டும் சேர்ந்து 15 பைசா. செயின் ஸ்பிராக்கெட் 7, கிளட்ச் பிளேட் கூலியோடு 7. பிரேக் ஷூ, கேபிள், பிளக், பல்பு, ஏர் ஃபில்டர் எல்லாம் சேர்ந்து 10. மாதம் இரண்டு பஞ்சர், அது ஒரு 12 பைசா. ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கட்டட வேலை நடக்கிற குறுக்குத் தெருக்களில் ஓட்டினால் இரண்டு என்பது கருணையான எண்ணிக்கை. கடைசியாக இன்ஜின். பழைய வண்டியை இப்படி ஓட்டினால் என்றைக்காவது சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன் மாற்றும் போர் வேலை வரும். 60,000 கி.மீ.க்கு 10,000 ரூபாய் என்று ஒதுக்கினால் 17 பைசா. மொத்தப் பராமரிப்பு 93 பைசா ஆகிறது.

இன்னும் தேய்மானம் இருக்கிறது. 30,000 ரூபாய் வண்டி இரண்டு வருடத்தில் 62,400 கி.மீ. ஓடிய பிறகு 15,000-க்குப் போனால் அதிர்ஷ்டம். அது 24 பைசா. காப்பீடு 4 பைசா. எல்லாம் கூட்டினால் கி.மீ.க்கு 3 ரூபாய் 23 பைசா. நாளுக்கு 202 என்று நினைத்தது உண்மையில் 323. மாதம் சுமார் 8,400.

மேலே சொன்ன பள்ளிக்கரணை ஆர்டருக்கு 50 ரூபாய் வந்தது என்று வையுங்கள். ஒன்பது கிலோமீட்டருக்கு வண்டி தின்றது 29. முக்கால் மணி நேர உழைப்புக்கு மிஞ்சியது 21. இந்த எண் தெரிந்திருந்தால் நான் விட்டிருக்கும் ஆர்டர்கள் நிறைய.

இதையெல்லாம் அமெரிக்காவில் ஒரே எண்ணில் அடக்கிவிடுகிறார்கள். அங்கே வருமான வரித்துறை ஆண்டுதோறும் ஓர் எண்ணை அறிவிக்கும். 2025-க்கு மைலுக்கு 70 சென்ட். எரிபொருள், தேய்மானம், காப்பீடு, ரிப்பேர் எல்லாம் அதற்குள். தொழிலுக்காக ஓடிய மைலை எழுதி வைத்தால் வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். நமக்கு நோட்டும் பேனாவும்தான்.

சரி, புது பெட்ரோல் வண்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. ஷோரூம் வாசலில் கூட்டம். ஆன்ரோடு ஒரு லட்சம், முன்பணம் 10,000, மீதி 90,000-க்கு 24 மாதத் தவணை. "பதினொரு பர்சென்ட் வட்டிதான் சார்" என்பார் கடன் கொடுக்கும் பையன். அது ஃபிளாட் வட்டி. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு 90,000-க்கும் கடைசி வரை ஓடும். தவணை 4,575. மொத்த வட்டி 19,800. குறைகிற அசலுக்கு என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 20 சதவீதம் வரும். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

மைலேஜ் கூடுதல், 58 கிடைக்கும். பெட்ரோல் 1.74 ரூபாய். இன்ஜின் வேலைக்கு ஒதுக்க வேண்டாம், பராமரிப்பு 70 பைசா போதும். அடி விழுவது தேய்மானத்தில்தான். இரண்டு வருடத்தில் 62,000 கி.மீ. காட்டும் ஓடோமீட்டரை வாங்குகிறவன் ஒரு பார்வை பார்ப்பான் பாருங்கள். 45,000-க்கு மேல் கேட்க வாய் வராது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டிச் சந்தையும் கூடவே இறங்கும் என்பது தனி. விலையும் வட்டியும் சேர்த்து, விற்று வரும் காசைக் கழித்தால் கி.மீ.க்கு 1.20. காப்பீட்டோடு மொத்தம் 3.68 ரூபாய். அப்பா வண்டியை விட 45 பைசா அதிகம். தவணை ஓடும்வரை கையிலிருந்து மாதம் 11,000 போகும். நான் பார்த்தவரை புதிதாக வருகிற பசங்க அதிகம் எடுப்பது இந்த வழியைத்தான். என் கணக்கில் நான்கில் மோசமானது இதுவே. தவணை தேதிக்காகக் காய்ச்சலில் லாகின் செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாடகை எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் தான் உண்மையில் யோசிக்க வேண்டியிருக்கிறது. நாள் வாடகை 230 என்று வைப்போம். இங்கே முதல் பொறி: நீங்கள் ஓட்டுவது 26 நாள், வாடகை 30 நாளுக்கு. ஊருக்குப் போனாலும், மழைக்கு வீட்டில் உட்கார்ந்தாலும் மீட்டர் ஓடும். மாதம் 6,900. டெபாசிட்டில் கீறல், கண்ணாடி என்று பிடிப்பதற்கு மாதம் 300 எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் செலவு குறைவுதான். 100 கி.மீ.க்கு சுமார் மூன்றரை யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் 28 பைசா. பஞ்சர் உங்கள் கணக்கு. மற்ற ரிப்பேர் அவர்களுடையது.

மொத்தம் 8,240. கி.மீ.க்கு 3.17. பழைய வண்டிக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் இந்தச் சமம் 100 கி.மீ.யில் மட்டும்தான். வாடகை அசையாத செலவு, பெட்ரோல் ஓட ஓட ஏறும் செலவு. மாலையில் மட்டும் ஓட்டி நாளுக்கு 60 கி.மீ. என்றால் வாடகை வண்டி கி.மீ.க்கு 5 ரூபாய், பழைய வண்டி 3.42. நாளுக்கு 140 ஓட்டுகிறவனுக்கு நேர் தலைகீழ்: வாடகை 2.38, பழைய வண்டி 3.15. இரண்டும் சந்திக்கும் இடம் நாளுக்கு சுமார் 98 கி.மீ. அதற்குக் கீழே ஓட்டுகிறவன் வாடகை வண்டி எடுத்தால் வண்டிக்காரனுக்கு உழைக்கிறான். பகுதி நேரமாக ஓட்டும் கல்லூரிப் பையன்கள் வாடகை வண்டியில் திரிவதைப் பார்க்கும்போது இதைச் சொல்லத் தோன்றும், சொன்னதில்லை.

வாடகையில் ஒரு நல்லது உண்டு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலை நமக்குச் சரிப்படுமா என்று தெரியாத முதல் இரண்டு மாதத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. பிடிக்கவில்லையா, வண்டியைக் கொடுத்துவிட்டு வரலாம். கடன் கழுத்தில் இருக்காது.

சொந்தமாக எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினால்? ஆன்ரோடு 1,20,000, முன்பணம் 20,000, மீதிக்கு அதே 11 ஃபிளாட்டில் 36 மாதம். தவணை 3,694. மூன்று வருடத்தில் 93,600 கி.மீ. ஓடிவிடும். பேட்டரி களைத்துப்போன வண்டிக்கு 20,000 கிடைத்தால் போதும் என்று வைத்தாலும் விலையும் வட்டியும் சேர்ந்து கி.மீ.க்கு 1.42. சார்ஜ் 28 பைசா, டயர் பிரேக் பஞ்சர் சர்வீஸ் 55, காப்பீடு 10. மொத்தம் 2.35. மாதம் 6,100 சொச்சம். நான்கிலும் மலிவு இதுதான். பேட்டரிக்காகக் கையிலிருந்து 60,000 போட நேர்ந்தால்கூட 2.99-இல் நிற்கிறது. நானே முதலில் நம்பவில்லை, இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

ஆனால் விளம்பரத்தில் 'எட்டு வருட வாரண்டி' என்று போட்டிருப்பதை நம்பிப் போகாதீர்கள். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 80,000 கி.மீ. என்று இருக்கும், எது முதலில் வருகிறதோ அது. ஆபீஸ் போகிறவருக்கு எட்டு வருடம் முதலில் வரும். மாதம் 2,600 ஓட்டுகிறவனுக்கு 31-வது மாதத்திலேயே 80,000 வந்துவிடும், தவணை இன்னும் ஐந்து பாக்கி இருக்கும்போது. வாரண்டிப் புத்தகத்தில் வணிகப் பயன்பாடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் இணையம் சார்ந்த சேவைத் தொழிலாளர்கள், அதாவது நம்மைப் போல ஆப்பில் ஓட்டுகிறவர்கள், 2,000 பேருக்குப் புது மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். நலவாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். கிடைத்தால் கி.மீ.க்கு 21 பைசா குறையும். சென்னையில் ஓட்டுகிற கூட்டத்துக்கு 2,000 என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இருந்தாலும் வாரியத்தில் பதிவு செய்துவைப்பதில் நஷ்டமில்லை.

இந்த மலிவுக்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனை உண்டு: வீட்டில் பிளக். மூன்றாவது மாடியில் இருப்பவன் கீழே நிறுத்திய வண்டிக்கு ஒயர் இழுக்க முடியாது. வீட்டுக்காரர் சம்மதித்தாலும் யூனிட்டுக்கு 8, 10 என்று தன் விலையை வைப்பார். மாதம் 90 யூனிட் என்றால் இரண்டு மாத பில்லில் 180 யூனிட் ஏறும். பொது மீட்டராக இருந்தால், யூனிட் கூடியதால் உன் வண்டி எங்களையும் மேல்படி விலைக்குத் தள்ளிவிட்டது என்று எல்லாரும் சண்டைக்கு வருவார்கள். கழற்றக்கூடிய பேட்டரி வண்டிகள் உண்டு. ஒரு பேட்டரி பத்து கிலோவுக்கு மேல், தினமும் இரவு பன்னிரண்டு மணிக்கு மூன்று மாடி. முதல் வாரம் செய்யலாம்.

வேறு வழிகளும் இருக்கின்றன, ஆனால் என் மனசுக்கு ஒட்டவில்லை. 250 வாட்டுக்குள், 25 கி.மீ. வேகத்துக்குள் ஓடும் சின்ன எலக்ட்ரிக் வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் வேண்டாம். இரண்டு கி.மீ. சுற்றளவில் மளிகை கொடுப்பதற்குச் சரி. வேளச்சேரி நூறடிச் சாலையில் பஸ்களுக்கு நடுவே 25-இல் போவது எனக்குச் சரிப்படாது. 2024 ஜூலையில் வந்த பஜாஜ் ஃப்ரீடம் என்கிற சி.என்.ஜி. பைக் ஒரு கிலோ வாயுவுக்கு 102 கி.மீ. என்று கம்பெனி சொல்கிறது. எரிபொருள் மிச்சம் உண்மைதான், ஆனால் பங்கில் ஆட்டோக்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் நேரம் மதியச் சாப்பாட்டு ஆர்டர் நேரமாக இருந்தால் மிச்சம் அங்கேயே கரைந்துவிடும்.

பைசாவில் பிடிபடாத மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று காப்பீடு. 75 முதல் 150 சிசி வரையிலான வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022-இல் நிர்ணயித்தபடி 714 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 843. இது கட்டாயம், எல்லோரும் கட்டுகிறோம். ஆனால் தனிநபர் வண்டிக்கான பாலிசியில் எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது, சொந்தச் சாமான் தவிர்த்த சரக்கு ஏற்றுவது இரண்டும் அதில் வரும். முதுகில் சாப்பாட்டுப் பையோடு விழுந்து, வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்டுப் போனால், மறுப்பதற்கு அந்தப் பத்தி போதும். ஆப்பில் தரும் விபத்துக் காப்பீடு பெரும்பாலும் உங்கள் உடம்புக்குத்தான், வண்டிக்கு இல்லை. எனவே புது வண்டியை விட 30,000 ரூபாய் வண்டியில் விழுவது, சொல்லக் கூடாது, மலிவு.

அடுத்தது மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வேளச்சேரியில் என் வண்டி இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றது. இன்ஜின் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போனதால் பிழைத்தது. ஆயில் இரண்டு முறை மாற்றி, வீல் பேரிங், பிரேக், ஒயரிங் எல்லாம் பார்த்து 3,800-இல் முடிந்தது. எலக்ட்ரிக் வண்டிப் பேட்டரிக்கு ஐ.பி. 67 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். சோதனைச்சாலைத் தண்ணீரில். பள்ளிக்கரணைச் சதுப்பு நிரம்பிச் சாக்கடையோடு தெருவுக்கு வரும் தண்ணீர் அரை மணியில் வடிந்ததாக நான் பார்த்ததில்லை.

மூன்றாவதுதான் பெரியது: வண்டி நின்ற நாள். பழைய 100 சிசி வண்டியை எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் பிரித்து மதியத்துக்குள் கொடுத்துவிடுவார். உதிரிபாகம் இல்லையென்றால் புதுப்பேட்டையில் கிடைக்கும். எலக்ட்ரிக் வண்டியில் கன்ட்ரோலரோ டிஸ்ப்ளேயோ போனால் கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றே கதி. பாகம் வரக் காத்திருக்க வேண்டும். என்னோடு ஓட்டிய ஒருவர் பதினொரு நாள் காத்திருந்தார். செலவு போக நாளுக்கு 700 மிஞ்சும் என்றால் 7,700 நஷ்டம். வாரத்து இன்சென்டிவ் போனது அதில் சேராது. வருடத்துக்கு இப்படிப் பத்து நாள் நின்றால் கி.மீ.க்கு 22 பைசா. 2.35 என்பது 2.57 ஆகும். அப்போதும் மலிவுதான். ஆனால் அந்தப் பத்து நாள் ஒரே மாதத்தில் வந்து, அந்த மாதம் பள்ளிக்கூடப் பீஸ் கட்டும் மாதமாக இருந்தால் கூட்டல் கழித்தல் உதவாது. கையில் ஒரு மாதச் செலவுக்குப் பணம் இல்லாதவருக்கு நான் எலக்ட்ரிக் வண்டியைச் சொல்ல மாட்டேன். வீட்டில் மாற்றுக்கு ஒரு பழைய வண்டி நிற்கிறது என்றால் தாராளமாகச் சொல்வேன்.

தம்பிக்கு அதைத்தான் சொன்னேன். புது வண்டி ஷோரூம் பக்கமே போகாதே. மூன்று மாதம் சித்தப்பா வண்டியை ஓட்டு. தினமும் ஓடோமீட்டரைப் படம் எடு. எத்தனை கிலோமீட்டர் ஓட்டப்போகிறாய் என்று இப்போது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது தெரியாமல் எந்த வண்டி என்று கேட்பது, செருப்புக் கடையில் கால் அளவு சொல்லாமல் கேட்பது மாதிரி.

ஒழுங்காக அனுப்புகிறான். முதல் வாரம் 70, 80 என்று வந்தது. இடம் பழகிய பிறகு இந்த மாதச் சராசரி 118. அந்த ஓட்டத்துக்குப் பழைய வண்டி மாதம் 9,800 கேட்கிறது, சொந்த எலக்ட்ரிக் வண்டி 6,500 கேட்கும். வித்தியாசம் 3,300 ரூபாய்.

நேற்று மறுபடி போன் செய்தான். கோவிலம்பாக்கத்தில் கீழ்த்தள வீடு ஒன்று காலியாக இருக்கிறதாம், வாடகை 1,500 அதிகம். தனி மீட்டரா, வாசலில் பிளக் பாயின்ட் உண்டா, மழைக்குத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று மூன்றையும் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன். கடைசிக் கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்காதே, எதிர் வீட்டில் கேள் என்றேன்.